பம்பரத்தில் இரண்டு ப

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எந்த லாரி எந்த வாசலுக்கு வர வேண்டும், எது முன்னே, எது பின்னே என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அன்றைக்கு நல்ல மழை. ஒரு பெரிய லாரியின் பதிவெண்ணை வாசல் பாதுகாவலரிடம் சொன்னேன். முதல் எழுத்து ஒய். அடுத்தது ஆங்கில வரிசையில் 16ஆவது எழுத்து, பேப்பர் என்ற சொல்லின் முதல் எழுத்து. அவர் எழுதிக்கொண்டதோ 2ஆவது எழுத்தை, பஸ்ஸின் முதல் எழுத்தை. அப்படி ஒரு வண்டி அவர் பட்டியலிலேயே இல்லை. லாரி முக்கால் மணி நேரம் வெளியே மழையில் நின்றது.

திரும்பச் சொன்னேன். மூன்றாவது முறை கிட்டத்தட்டக் கத்தினேன். நான் சத்தத்தைக் கூட்டக் கூட அவருக்கு அது இன்னும் உறுதியாக பஸ்ஸின் எழுத்தாகவே கேட்டது. அன்று மேலதிகாரி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம். பட்டுக்கோட்டையிலிருந்து 2012இல் வந்தவன் நான். பாலிடெக்னிக்கில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன். எழுதுவேன், வாசிப்பேன், இலக்கணப் பிழை அதிகம் வராது. ஒரே ஓர் எழுத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பது பல நாள் மனதை அரித்தது.

எங்கள் புளோக்கில் ஏழாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருந்தார். பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டியின் மடியில் வளர்ந்ததால் வீட்டுப் பேச்சு முழுக்க யாழ்ப்பாணத் தமிழ். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாலை கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்திருந்தபோது லாரிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, பம்பரம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன்.

"அதில எத்தனை ப இருக்கு?"

"இரண்டு டீச்சர்."

"ரெண்டும் ஒரே சத்தமோ?"

ஒரே எழுத்து, அப்புறம் என்ன என்றுதான் நினைத்தேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னார். முதல் ப வரும்போது தொண்டை சும்மா இருந்தது. ம் தொடங்கியதும் விரலுக்கடியில் அதிர்ந்தது. அந்த அதிர்வு நிற்காமலே இரண்டாவது ப வந்து போனது. முப்பது வருடமாகச் சொல்லி வந்த சொல்லுக்குள் இரண்டு வேறு ஒலிகள் இருந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கங்கு என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு க. தந்தம் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு த. தமிழில் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது. சொல்லின் முதலில் வல்லினம் வந்தால் அதிராது, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும். அதனால் இரண்டுக்கும் ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதிர்வை இடம் முடிவு செய்வதில்லை. அதிராவிட்டால் குத்தூசி, அதிர்ந்தால் குப்பைத்தொட்டி. தமிழில் எழுதினால் இரண்டுமே பின்.

ஆனால் லாரி விஷயத்தில் சிக்கல் அது மட்டுமில்லை என்றார் டீச்சர். டிஷ்யூ தாளில் ஒரு கீற்றைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். பேப்பர் என்று சொன்னேன். தாள் அசையவே இல்லை. அவர் அதே சொல்லைச் சொன்னபோது தாள் விசிறியடித்தது. ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும் அசையின் தொடக்கத்தில் இந்த ஒலி வந்தால், உதடு திறந்ததும் ஒரு வீச்சுக் காற்று வெளியே வரும். ட, க இனத்தில் இதற்கு இணையான ஒலிகளுக்கும் அப்படியே. தேநீரைச் சொல்லும் டீயில் காற்று உண்டு, சாவியைச் சொல்லும் கீயில் காற்று உண்டு. முன்னால் ஒரு ஸ் வந்துவிட்டால் காற்று நின்றுவிடும். ஸ்பூன் என்று ஆங்கிலேயர் சொன்னாலும் தாள் ஆடாது. நம் தமிழ் வல்லினத்தில் இந்தக் காற்று எங்கேயுமே கிடையாது.

எங்கள் வாசல் பாதுகாவலர் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்தவர், வீட்டில் கண்டனீஸ் என்னும் சீன மொழி பேசுபவர். கண்டனீசிலும் மாண்டரினிலும் இந்த இரண்டு ஒலிகளையும் பிரிப்பது தொண்டை அதிர்வு இல்லை, காற்றுதான். காற்று வந்தால் ஓர் எழுத்து, வராவிட்டால் இன்னோர் எழுத்து. நான் தொண்டையை அதிரவிடாமல் மிகச் சரியாகச் சொன்னதாக நினைத்தேன். அவர் காது காற்றைத் தேடியது, கிடைக்கவில்லை, அதனால் பஸ்ஸின் எழுத்து என்று முடிவு செய்தது. நான் கத்தியபோது குரல்தான் பெருத்தது, காற்று வரவில்லை. அவர் மீதும் தப்பில்லை, என் மீதும் இல்லை. இது புரிந்ததும் மனதில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. (காப்பிக்கடையில் கோப்பி சொல்லும்போது மட்டும் ஏன் எனக்கு ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. அது மலாய்ச் சொல். மலாயிலும் அந்தக் காற்று கிடையாது.)

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. விமானிகளும் கப்பல்காரர்களும் எழுத்துக்குப் பதிலாகச் சொல் சொல்வார்கள். 2ஆவது எழுத்துக்கு பிராவோ, 16ஆவது எழுத்துக்கு பாப்பா. அந்தப் பட்டியலைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன். பதிவெண், கொள்கலன் எண், அடையாள அட்டை எண் எதைச் சொன்னாலும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன். தொலைபேசியில் வேலை பார்க்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் பேச்சு முழுவதையும் பிராவோ, பாப்பா என்று பேசிவிட முடியாதே.

அடுத்த சில மாதங்கள் ஞாயிறு மாலைகளில் டீச்சர் கற்றுக்கொடுத்தார். எழுத்தைப் பார்க்கவே விடமாட்டார், வாயைத்தான் பார்க்கச் சொல்வார். எந்த மெய்யொலிக்கும் மூன்று கேள்விகள். காற்று எங்கே தடைபடுகிறது? எப்படித் தடைபடுகிறது? அப்போது தொண்டை அதிர்கிறதா? ஆங்கிலத்தின் 24 மெய்யொலிகளும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முழுக்க அடைத்துத் திறந்தால் அடைப்பொலி, அவை 6. சின்ன இடுக்கு விட்டுக் காற்றை உரசவிட்டால் உரசொலி, 9. அடைத்து, திறக்கும்போது உரசினால் அடைப்புரசொலி, 2. வாயை அடைத்து மூக்கு வழியே விட்டால் மூக்கொலி, 3. நாக்கின் ஓரங்களில் வழியவிட்டால் மருங்கொலி, அது ல ஒன்றுதான். மிச்சம் மூன்றும் நாக்கோ உதடோ நெருங்கிவந்து எதையும் தொடாமல் போய்விடுகிற ஒலிகள்.

இதைக் கேட்டு நான் புதுசாக ஏதோ படிக்கிறேன் என்று நினைத்தேன். டீச்சர் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருப்பதைச் சொன்னார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லிவிட்டு, எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பகுதி அண்ணத்தின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாக அது விளக்குகிறது. அடி நாக்கில் க, ங. நடு நாக்கில் ச, ஞ. நுனி நாக்கில் ட, ண. உதடு இரண்டும் சேர்ந்தால் ப, ம. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். என் வாய்க்குள் நடப்பதைத்தான் அது சொல்கிறது என்று யாரும் அன்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை நான் முழுமையாக நம்புகிறேன். ஆங்கில மெய்யொலிகளில் பெரும்பாலானவை நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் அவற்றை ஓர் இடத்தில் மட்டும் அனுமதிக்கிறது, ஆங்கிலம் வேறு இடத்திலும் கேட்கிறது. வேலை என்னவென்றால், தெரிந்த ஒலியைப் புது இடத்துக்கு நகர்த்துவது.

அது என்று சொல்லுங்கள். அந்தத் து முழு அடைப்பு இல்லை. நாக்கு பல்லை மெல்லத் தொட்டும் தொடாமலும் போகிறது, தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் இது, அது என்று சுட்டும் திஸ், தட் போன்ற சொற்களின் முதல் ஒலி கிட்டத்தட்ட இதுதான். நமக்கு அது சொல்லின் நடுவில் வரும், அவர்களுக்கு முதலிலும் வரும். அதனால் நான் செய்தது இவ்வளவுதான். அது, அது, அது என்று சொல்லிக்கொண்டே வந்து, முதலில் உள்ள அகரத்தை மனதுக்குள் மட்டும் சொல்லி, மிச்சத்தை வாயால் சொல்லிப் பழகினேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நன்றி சொல்லும் தேங்க்ஸ், மூன்றைச் சொல்லும் த்ரீ ஆகியவற்றில் அதே நாக்குதான். அதிர்வை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் கசியவிட வேண்டும். தமிழில் சொல்லின் முதலில் த வரும்போது காற்று அடைபட்டு நிற்கும், இங்கே அது நிற்கவே கூடாது. மூச்சு தீரும்வரை இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரி.

பஸ்ஸின் எழுத்து வராதவர்களுக்கும் இதே வழி உதவும். என்னோடு அறையில் இருந்த அண்ணன் ஒருவருக்கு அது வரவே இல்லை. ம்ம்ம் என்று முனகிக்கொண்டே பஸ் சொல்லச் சொன்னேன். அம்பு, வம்பு சொல்கிறவருக்கு ம்பஸ் வராதா? வந்தது. பிறகு முனகலை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்.

ட விஷயத்தில் டீச்சரின் யாழ்ப்பாணத் தமிழ் எனக்குக் கிடைத்த பாக்கியம் என்றே சொல்வேன். நான் ஆங்கில டீ, டைம் எல்லாவற்றையும் பட்டத்தின் ட போலவே, நாக்கை மடித்து மேலண்ணத்தில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆங்கில ஒலி அங்கே பிறப்பதில்லை. மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்து மெல்ல மேலே நகர்த்தினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதன் மேல்தான். நம் த பல்லில், நம் ட அண்ணத்தில், அவர்களுடையது இரண்டுக்கும் நடுவில். "வெற்றி எண்டு நான் சொல்றதைக் கேளுங்கோ" என்றார். அவர் வாயில் அந்த ற்ற எங்கள் ஊர் உச்சரிப்பு போல ட்ர ஆகவில்லை. நாக்கு நுனி அந்த மேட்டில் அமர்ந்து திறந்தது. ஆங்கில லெட்டரில் வருகிற அதே இடம். யாழ்ப்பாணத்தார் டொராண்டோவை ரொறன்ரோ என்று எழுதுவதைப் பார்த்து முன்பெல்லாம் வியந்திருக்கிறேன். அந்த எழுத்துக்கள் அவர்கள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்ததும் அது மிக நியாயமான எழுத்தாகத் தெரிந்தது.

வ எனக்கு அதிக நாள் எடுத்தது. கிடங்கில் ஒளிரும் மேலங்கிக்கு வெஸ்ட் என்று பெயர், மேற்கு வாசலும் வெஸ்ட். நான் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வேன். மேலங்கிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொல்காப்பியம் வகரத்துக்குச் சொல்லும் பல்லிதழ் அதுதான். அன்றாடப் பேச்சில் நாம் அதைத் தளர்வாக விட்டுவிடுகிறோம். மேற்குக்குப் பல் வேலையே செய்யக்கூடாது, இரண்டு உதடும் விசிலடிக்கப் போவதுபோலக் குவிந்து விரிய வேண்டும். கைப்பேசிக் கேமராவை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு பழகினேன். பல் தெரிகிறதா, தெரியவில்லையா, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. பல்லிதழை அப்படியே வைத்துக்கொண்டு தொண்டை அதிர்வை நிறுத்தினால் ஃபேன், ஃபோன் இவற்றின் ஒலி தானாக வந்துவிடும். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

இங்குள்ள வட்டாரம் ஒன்றின் பெயரை உட்லண்ட்ஸ் என்று நாம் எழுதுகிறோமே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. தமிழில் வு, வூ, வொ, வோ சொல்லின் முதலில் வராது. அதனால் உதட்டைக் குவிக்கும் அந்த முதல் ஒலி நம் காதுக்கே எட்டாமல் உகரமாகிவிடுகிறது. இதை அறிந்த பிறகு ரயிலில் அந்த நிலைய அறிவிப்பைக் கவனித்துக் கேட்டேன். அந்த ஒலி இருந்தது. எத்தனை வருடமாகக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறேன்!

சொல்லின் கடைசியில் இன்னொரு பழக்கம் நமக்கு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் டிக்கெட்டு, பேங்க்கு என்று ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம். வாயை அடைத்துவிட்டு அப்படியே நின்றுவிட வேண்டும், திறக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் பலரும் அப்படித்தான் கடைசி ஒலியைத் திறக்காமல் விழுங்குகிறார்கள். அப்படியானால் பையைச் சொல்லும் பேக், முதுகைச் சொல்லும் பேக் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இது டீச்சர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது: கடைசி மெய்யைப் போட்டு மெனக்கெடாதீர்கள், அதற்கு முந்திய உயிரை நீட்டுங்கள். அதிரும் மெய்க்கு முன்னால் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் சுருங்கும். பைக்கு நீளம், முதுகுக்குக் குறுக்கம். பரிசைச் சொல்லும் ப்ரைஸ் நீளம், விலையைச் சொல்லும் ப்ரைஸ் குறுக்கம். கேட்பவர் காதும் பெரும்பாலும் அந்த நீளத்தைத்தான் பிடிக்கிறது. பரிசைச் சொல்லும் ப்ரைஸின் கடைசியிலும், விலங்குத் தோட்டத்தைச் சொல்லும் ஸூவின் முதலிலும் வரும் அந்த வண்டு ரீங்கார ஒலி மட்டும் தமிழில் எங்குமே இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்று இழுங்கள். நாக்கை நகர்த்தாமல் தொண்டையைச் சேர்த்தால் தலைக்குள் வண்டு பறக்கும். அதுதான்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கே அன்றாடப் பேச்சில் மூன்றையும் மரத்தையும் ஒரே மாதிரி ட்ரீ என்று சொல்பவர்கள் ஏராளம். பல்லைச் சொல்லும் சொல்லை ஃப வைத்து முடிப்பவர்கள் ஏராளம். யாருக்கும் புரியாமல் போவதில்லை. 2000ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தபோது டீச்சர் பணியில் இருந்தார். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது புரியும்படி பேசுவது என்பதை மட்டும்தான். லண்டன்காரர் மாதிரி பேசு என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. எந்த ஒலி மாறினால் பொருள் மாறுமோ, வேலை கெடுமோ, அதில் உழைப்பைப் போடலாம். என் வரிசை: முதலில் காற்று, அடுத்து கடைசி மெய்க்கு முன் உள்ள உயிர், அதற்கப்புறம் பல்லும் உதடும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

மகள் தொடக்கநிலை மூன்றுக்கு வந்தபோது இந்தப் பாடம் எங்கள் வீட்டில் தலைகீழாகத் திரும்பியது. ஆங்கிலத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ் வாசிப்பில்தான் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. பழம் அவள் வாயில் பலம். நாக்கை மடி, நாக்கை மடி என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவள் அழுததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் டீச்சர் என்னிடம் செய்ததை நினைத்துக்கொண்டேன். அந்த ஒலி அவள் வாயில் வேறு எங்காவது இருக்கிறதா?

இருந்தது. சிவப்பு நிறத்தைச் சொல்லும் ஆங்கில ரெட். அதன் முதல் ஒலியில் நாக்கு எதையும் தொடாது, நெருங்கி நின்றுவிடும். நம் ர-வில் நாக்கு மேலே தட்டிவிட்டுப் போகும், ழ-வில் தொடாது. அந்த வகையில் ஆங்கில ஒலிக்கு ர-வைவிட ழ-தான் நெருங்கிய சொந்தம். தமிழில் ழ சொல்லின் முதலில் வராது, அவளுக்கோ அது முதலில் வந்து பழக்கம். நகர்த்த வேண்டியதுதான்.

"ரெட் சொல்லு. முதல் சத்தத்தை மட்டும் நீட்டிப் பிடி. உதட்டைக் குவிக்காதே. நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் இழு. இப்ப அதுக்கு முன்னால ஒரு ப போடு."

நாலைந்து முறை தவறியது. அப்புறம் வந்தது. பழம். அவளே திடுக்கிட்டாள். உடனே வாழை, மழை, கிழமை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்று இரவே கைப்பேசியில் ஊருக்கு அழைத்து அப்பத்தாவிடம் வாழைப்பழம் சொல்லிக் காட்டினாள்.

"என்னது தங்கம், வாளப்பளமா? வாங்கித் தரச் சொல்லவா அப்பாவ?" என்றார் என் அம்மா.

அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா, அப்பத்தாவுக்கும் நாக்கு தொட்டுடுது" என்று ரகசியமாகச் சொன்னாள். அது அப்பத்தா ஊர்ப் பேச்சு, அது அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரையைப் பார்த்து, "ஆமா அப்பத்தா, வாளப்பளம்தான்" என்றாள்.